மேல்கணக்கு முடிய ஏழு தீபாவளி

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே, பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து தேயிலைக்குள் ஏறும் பாதையில் ஒரு தோட்டம். 2018 பொங்கல் கழிந்த வாரம் அங்கே ஒரு செய்தி வரிசை வீடுகள் நெடுக, லயத்துக்கு லயம் பரவியது. கொழுந்து எடுக்கிற ராக்காயியின் மகள் கிருஷாந்தி கம்ப்யூட்டர் கேம் ஒன்று செய்யப் போகிறாளாம்.

"இந்தத் தீவாளிக்குள்ள முடிச்சிருவாளாம்" என்று ராக்காயியே மலையில் கூடையோடு நின்று எல்லாரிடமும் சொன்னாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் அவளிடம் சொன்ன கணக்கும் அதுதான்.

கிருஷாந்திக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஹட்டன் பஜாரில் ஒரு அச்சகத்தில் வேலை. கல்யாண அட்டை, மஞ்சள் நீராட்டு விழா பேனர், மரண அறிவித்தல், தேர்தல் வந்தால் வேட்பாளரின் கும்பிட்ட கை என்று நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் வரைந்து தள்ளுவாள். கூட்டாளி மதுரன் டிக்கோயாக்காரன். இருவரும் ஒரே வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தவர்கள். அவன் ஹட்டனில் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் வரைவது, கதை எழுதுவது. அவன் அதை ஓட வைப்பது. இப்படித்தான் பேச்சு.

அவர்கள் செய்ய நினைத்தது ஃபோனில் மிட்டாய் உடைக்கிற விளையாட்டு இல்லை. விளையாடுகிறவர் ஒரு பாத்திரமாகவே மாறி ஒரு நாட்டுக்குள் இறங்கி நடக்க வேண்டும். வழியில் வருகிறவர்களோடு பேச வேண்டும். யாரை நம்புவது, யாரைப் பகைப்பது என்று தானே முடிவெடுத்துக் கதையைக் கரை சேர்க்க வேண்டும். கதையும் தயாராக இருந்தது. பனியாத்தா என்றொரு பேய் ஏழு தோட்டத்துச் சத்தங்களையும் விழுங்கிவிடுகிறது. சனங்களுக்குப் பேச்சு வரவில்லை, தப்பு மேளம் முழங்கவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. பேச்சி என்ற பெண் அந்தச் சத்தங்களை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டு, யாருமே ஏறிப் பார்க்காத உச்சித் தோட்டத்துக்குப் போகிறாள். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் கணக்கு என்றுதானே சொல்வார்கள். அதனால் கேமுக்கும் 'மேல்கணக்கு' என்று பெயர் வைத்தார்கள்.

முதல் தீபாவளி வந்தது. கேமில் ஒரு மலை இருந்தது, பேச்சி இருந்தாள், ஓர் ஆடு இருந்தது. பேச்சி நாலு எட்டு வைத்ததும் மண்ணுக்குள் புதைந்து காணாமல் போனாள். பலகாரத் தட்டோடு வந்த பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வினோதா அக்கா, தோள் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏம் புள்ள, ஆடு மேல போகுதே?"

"அது இன்னும் சரி வரலக்கா. பறக்குது."

"மொதல்ல அதப் புடிச்சுக் கட்டு. பொறகு கேமு செய்யலாம்."

அதற்கடுத்த மாதம் மதுரன் எங்கேயோ ஒரு பேட்டியைப் படித்துவிட்டு முகம் தொங்கிப் போய் அச்சகத்துக்கு வந்தான். இந்த மாதிரிப் பெரிய கேம் ஒன்றை எடுக்க வெளிநாட்டில் முந்நூறு பேர் ஐந்து வருடம் உழைக்கிறார்களாம். சிலது எட்டு வருடம்கூட இழுக்குமாம்.

"கூட்டிக் கழிச்சுப் பாத்தேன். நம்ம ரெண்டு பேருக்கு எழுநூத்தி அம்பது வருசம் ஆகும்."

கிருஷாந்தி ஒரு புதுமனை புகுவிழா பேனருக்குக் குத்துவிளக்கு வரைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "அப்படின்னா இன்னிக்கே வீட்டுக்கு நேரத்தோட போகணும். வேல கெடக்கு."

மதுரன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் கேம் பிழைத்தது என்று பிற்பாடு அவனே சொல்வான். ஏழு தோட்டம் மூன்றாகக் குறைந்தது. சண்டைகள் குறைந்தன. பேச்சு மட்டும் குறையவில்லை. அதில் கிருஷாந்தி பிடிவாதமாக இருந்தாள். வேலையை இழுத்ததும் அதுதான். பேச்சி ஒரு கிழவருக்குத் தண்ணீர் கொடுத்தால், அடுத்த தோட்டத்தில் இருக்கும் அவர் மகள் அதை நினைத்துச் சிரிக்க வேண்டும். கொடுக்காமல் போனால் அதே மகள் கதவைச் சாத்த வேண்டும். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் வைத்தால் இரண்டு பதிலுக்கும் தனித்தனியே உலகம் கட்ட வேண்டும். அந்த இரண்டிலும் மறுபடி கேள்வி வரும். எலிப்பொறி வைக்கப் போய் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்த கதையாக அது பெருகிக்கொண்டே போனது.

இரண்டாம் தீபாவளியும் போயிற்று. தோட்டத்தில் ஒரு சொல்வழக்குப் பிறந்தது. உடைந்த தண்ணீர்க் குழாயை எப்போது மாற்றுவார்கள் என்று யாராவது கேட்டால், "கிருஷாந்தி தீவாளிக்கு" என்பார்கள். கல்யாணம் எப்போது என்று இளவட்டத்தைக் கேட்டாலும் அதே பதில். ஒருநாள் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் ஒருவர், தனக்குப் பின்னால் இருப்பது கிருஷாந்தி என்று தெரியாமல், கொடுத்த கடன் எப்போது திரும்பும் என்பதற்கு இதைச் சொன்னார். கிருஷாந்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது ராக்காயிக்குத்தான் சுருக்கென்றது.

"ஒனக்குக் கோவமா வரலயாடி?"

"சரியாத்தானம்மா சொல்றாங்க. நானே அப்படித்தான் சொல்லுவேன்."

பிறகு கொரோனா வந்தது. அச்சகம் பூட்டியது, ட்யூஷன் நின்றது. ஊரடங்கில் இருவரும் ஆளுக்கொரு மலையில் இருந்துகொண்டு ஃபோனில் பேசிப் பேசியே முதல் தோட்டத்தை முடித்தார்கள். ஆடு தரையில் மேய்ந்தது. பேச்சி மண்ணில் புதையாமல் நடந்தாள்.

ஊர் திறந்ததும் கிருஷாந்தியின் தாய்மாமன் அழகுமுத்து கேமைப் பார்க்க வந்தார். ஃபேக்டரியில் வேலை செய்கிற மனிதர். மாசி வந்தால் காமன் கூத்தில் தப்படிக்கிறவர், வேஷம் கட்டுகிறவர். திரையில் ஓடிய வசனத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார். 'மகளே, நீ எங்கே செல்கின்றாய்? பாதை மிகவும் ஆபத்தானது.' அவர் விழுந்து விழுந்து சிரித்ததில் கையிலிருந்த தேத்தண்ணி சிந்திப் போயிற்று.

"எந்தத் தோட்டத்துலடி மருமவளே இப்படிப் பேசுறாங்க? ரேடியோப் பெட்டிக்குள்ளயா?"

கிருஷாந்திக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அன்றிரவு படுத்த பிறகும் அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. பனியாத்தா விழுங்கிய சத்தம் இந்த லயத்துச் சத்தம் அல்லவா? அதை ரேடியோப் பெட்டியின் தமிழில் எப்படி மீட்பது? மறுநாள் காலையிலேயே மதுரனுக்கு ஃபோன் போட்டாள். எல்லா வசனத்தையும் திருப்பி எழுதப்போகிறேன், குரலும் நம் ஆட்களே கொடுக்கட்டும் என்றாள்.

"இன்னும் எத்தன தீவாளி?" என்று கேட்டான் மதுரன்.

"தெரியாது."

"சரி. மைக் வாங்குறேன்."

குரல் பதிவுக்குக் கிடைத்த இடம் பிள்ளைக் காம்பரா. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும். எதிரொலி அடங்க வேண்டும் என்று மதுரன் சொன்னதும் ஆளாளுக்கு ஒரு கம்பளியோடு வந்துவிட்டார்கள். நாலு சுவரும் கம்பளி, நடுவில் மைக், தொட்டில் கயிறுகள் மேலே சுருட்டிக் கட்டிக் கிடந்தன. வினோதா அக்கா கடைக்காரி ஆனார். இரண்டே வரி வசனம். அவர் விலை பேசத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. கிருஷாந்தி வெட்டவும் இல்லை. இன்றைக்கும் கேமில் அந்தக் கடைக்காரியிடம் போய் மாட்டிக்கொண்டால் லேசில் மீள முடியாது.

பனியாத்தாவுக்கு மட்டும் குரல் அமையவில்லை. முயன்றவர்கள் எல்லாம் பயமுறுத்தப் போய்ச் சிரிப்பூட்டினார்கள். கடைசியில் வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ராக்காயியைப் பிடித்து மைக் முன் நிறுத்தினார்கள். உரத்துப் பேசியே அறியாத மனுஷி.

"எனக்கு இதெல்லாம் வராதுங்க."

"அம்மா, தண்ணிக் குழாய ஒடச்சவன நெனச்சுக்க" என்றாள் கிருஷாந்தி.

ராக்காயி ஒரு மூச்சு இழுத்தாள். அடுத்து வந்த குரலில் மதுரன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்தான். பிள்ளைக் காம்பராவுக்கு வெளியே கட்டிக் கிடந்த நாய் ஊளையிட்டது. "எவன்டா அவன், எம் மலையில கால வச்சவன்!" என்று அவள் முடித்ததும் எல்லாரும் கைதட்டிக் குதித்தார்கள். அந்தக் கூச்சலுக்கு இரண்டு லயம் தள்ளி இருந்தவர்களும் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டு, "நானாங்க? நானா பேசுனேன்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

2022இல் நாடே முடங்கிய பொருளாதார நெருக்கடி எல்லாரையும் போல் அவர்களையும் அடித்தது. பகலெல்லாம் மின்சாரம் இல்லை, பஸ்ஸுக்கு டீசல் இல்லை, அச்சகத்துக்குக் கடதாசி இல்லை. மதுரனின் ட்யூஷன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். வீட்டைப் பார்க்க வேண்டிய பிள்ளை. கத்தாரில் ஒரு வேலை வந்ததும் போய்விட்டான். போகும் முன் அவளை உட்கார வைத்து, கேமை ஓட வைக்க அவன் எழுதிய கோட் கட்டளைகளில் எது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தான். அவளுக்குப் பாதிகூட விளங்கவில்லை. விளங்கியதாகத் தலையாட்டினாள்.

அந்த இரண்டு வருடம்தான் அவள் தனியாகத் தடுமாறியது. கோட் எழுதத் தொடக்கத்திலிருந்து படித்தாள். ஒன்றைச் சரிசெய்தால் மூன்று கெட்டது. பேச்சி ஒருமுறை இரண்டாகப் பிரிந்து தன்னோடு தானே சண்டை போட்டாள். அழுகை வந்த நாளும் உண்டு. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாம் தோட்டத்துப் பாலம் அவள் எழுதிய கட்டளையிலேயே இறங்கி வந்து பேச்சிக்கு வழி விட்டது. யாருக்கு முதலில் சொல்வது என்று தெரியாமல் வாசலுக்கு ஓடி, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வினோதா அக்காவைக் கட்டிப்பிடித்தாள். குடம் உருண்டது.

"என்ன புள்ள, முடிஞ்சிருச்சா?"

"இல்லக்கா! பாலம் எறங்கிருச்சு!"

வினோதா அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும், "அப்ப நல்லது" என்று சேர்ந்து சிரித்துவிட்டுக் குடத்தை எடுக்கப் போனார்.

2024 சித்திரையில் மதுரன் திரும்பி வந்தான். கிருஷாந்தி ஹட்டன் பஸ் நிலையத்தில் காத்திருந்தாள். இருவரும் கொட்டகலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். அவள் எழுதிய கட்டளைகளை ஃபோனில் பார்த்துக்கொண்டே வந்தவன் பாதி வழியில் அதை மூடி வைத்தான்.

"கேம் முடிஞ்ச பொறகு ஒன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"என்னது?"

"அது இப்போதைக்கு முடியாது போல இருக்கு. இப்பவே கேட்டுர்றேன். நம்ம கல்யாணம் பண்ணிக்குவமா?"

கிருஷாந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் இரண்டு வளைவு திரும்பியது. "சரி" என்றாள். பிறகு, "மூணாவது தோட்டத்துல மழ சரியா விழல. அதயும் பாரு" என்றாள்.

ஆவணியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். அழகுமுத்து மாமாவின் தப்பு, வினோதா அக்காவின் ஓயாத ஓட்டம், பந்தலுக்கு வெளியே மழை. தாலி கட்டிய கையோடு ஆசீர்வாதத்துக்கு வந்தவர்கள், "நல்லா இருங்க. கேமு எப்ப?" என்றே கேட்டார்கள். மறுவீட்டுக்கு வந்த அன்று ராக்காயி மகளைத் தனியே அழைத்து, "புருசன வா போன்னு கூப்புடாதடி, ஊரு சிரிக்கும்" என்றாள். கிருஷாந்தி ஒரு நாள் பூரா, "நீங்க இதப் பாருங்க, நீங்க அந்தப் பிழையத் திருத்துங்க" என்று சொல்லிப் பார்த்தாள். மதுரன்தான் பயந்துபோய் நிறுத்தச் சொன்னான்.

ஏழாவது தீபாவளிக்கு உண்மையிலேயே முடிந்துவிடும் என்று இருவரும் நம்பினார்கள். கடைசிச் சோதனைக்காகத் தோட்டத்தில் பத்துப் பேரிடம் விளையாடக் கொடுத்தார்கள். அதுதான் பிசகு. வினோதா அக்கா கேமில் வரும் காவல்காரருக்கு ஒரு தடவை தேத்தண்ணி கொடுத்தார். சரியாக இருந்தது. "பாவம், குளிருது அவருக்கு" என்று இன்னொரு தடவையும் கொடுத்தார். கேம் அப்படியே உறைந்து நின்றது. இப்படி அவரவர் குணத்துக்கு ஏற்றபடி ஆளுக்கொரு பிழை கண்டுபிடித்தார்கள். மத்தாப்பு வெளிச்சம் ஜன்னலில் விழ விழ, புருஷனும் பெண்டாட்டியும் தேத்தண்ணியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

2025 பொங்கல் அன்று 'மேல்கணக்கு' வெளியானது. கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டி கட்டித் திரையாக்கி, மதுரன் விளையாட, முழுத் தோட்டமும் பார்த்தது. தங்கள் குரல் வரும் இடத்தில் ஒவ்வொருவரும் எழுந்து நின்றார்கள். தப்புச் சத்தம் மீண்டபோது அழகுமுத்து மாமா நிசத் தப்பை எடுத்துச் சேர்ந்து அடித்தார். பனியாத்தா வாய் திறந்ததும் விசிலில் மண்டபம் அதிர்ந்தது. ராக்காயி முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள், ஆனால் விரலிடுக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாரம் முடிவதற்குள் மலேசியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். நானுஓயாவிலிருந்து ஒரு சிங்களப் பெண், தனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் குரல்களுக்காகவே விளையாடுவதாகவும், சிங்களத்தில் எழுத்துப் போட்டால் தானே உதவுவதாகவும் சொல்லியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு இருவருக்கும் செய்ய ஒன்றுமில்லை. அது அவர்களுக்குப் புதுசாக இருந்தது. கொட்டகலையில் ரயில் ஏறி, எதற்குப் போகிறோம் என்று தெரியாமலே, அந்தப் பாதையிலேயே உயரமான ஸ்டேஷன் பட்டிப்பொல வரைக்கும் டிக்கெட் எடுத்தார்கள். வழியில் இறால் வடை விற்றவரிடம் கடதாசிச் சுருளில் வடை வாங்கி, கொச்சிக்காய் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றார்கள். பட்டிப்பொலயில் இறங்கியபோது எலும்பைத் தொடும் குளிர். மேடைப் பெஞ்சில் வெயில் ஒரு முழத்துண்டு விழுந்து கிடந்தது. அந்த வெயிலுக்குள் இரண்டு பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். திரும்பிப் போகும் ரயில் பிந்தும் என்று ஸ்டேஷன்காரர் வந்து சொன்னார்.

"மெதுவா வரட்டுமே" என்று கிருஷாந்தி மதுரனின் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள்.