குங்கிலியத்துக்கு அடியில் ஒரு ரூபாய்

பழைய தோணியைப் பிரிக்கும் வேலைக்குப் போயிருந்தேன். பாய்மரத்தைத் தூக்கியதும் அடிக்குழியில் ஒரு ரூபாய் காசு கிடந்தது. தோணி கட்டும்போது மரத்துக்கு அடியில் காசு வைப்பது எங்கள் கரையில் வழக்கம். இப்போது கண்ணில் படாத, கனமான பழைய காசு.

விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். காசு புழங்கினால் அதிலுள்ள சிங்கத்தின் பிடரிமயிர்தான் முதலில் மழுங்கும். இதில் இழை இழையாக நின்றது. யார் கையிலும் புழங்காத காசு. என்னைப் போலக் காசு சேகரிப்பவர்கள் யூ.என்.சி. என்பார்கள், அதுதான் உச்சத் தரம். பத்தாம் வகுப்பில் நான் வாங்கியது இதற்கு நேர் எதிர்.

ஆனால் வருஷத்துக்குக் கீழே, அச்சடித்த ஊரின் அடையாளம் இருக்கும் இடத்தில், குங்கிலியம் உருகி இறுகியிருந்தது. தோணிப் பலகைகளின் இடுக்கில் நீர் புகாமல் பூசிய பிசின்.

தோணிக்கார அண்ணாச்சி கையை நீட்டினார். "காசக் குடுலே. சாயந்திரம் புதுத் தோணியில மரம் ஏத்தணும். அடியில இத வைக்கணும்."

"வைரம் இருக்கான்னு பாத்துட்டுத் தாரேன் அண்ணாச்சி."

"வைரமா! எங்கலே?"

"கல்லு இல்ல, அடையாளம். பம்பாயில அடிச்சதுன்னா குட்டியா வைரம் போட்டிருப்பான். கல்கத்தான்னா ஒண்ணும் இருக்காது."

என்னிடம் அதே வருஷத்து வைரக் காசு இருந்தது. ஜோடி சேர, ஒன்றுமில்லாத காசு வேண்டும்.

"வைரம் இருந்தா மரத்துக்கு. இல்லன்னா நீயே வச்சிக்க," என்றார் அண்ணாச்சி.

தோணி கட்டும் ஆசாரி உளியோடு வந்தார். "ரெண்டு சுரண்டு சுரண்டுனா போச்சி."

"ஐயோ, கீறல் விழுந்தா தரம் போயிரும்!"

"ஒன் மூஞ்சியில இல்லாத கீறலாலே?"

டம்ளரில் தேங்காயெண்ணெய் ஊற்றி, காசைப் போட்டு வெயிலில் வைத்தேன். எனக்கு நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், கயிறு சுற்றப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

"முட்டையா வச்சிருக்க? அதுவா பொரிக்கும், இரி," என்றார் ஆசாரி.

அண்ணாச்சியும் எட்டிப் பார்த்தார். "வைரந்தானலே?"

"வாய வைக்காதிய அண்ணாச்சி!"

வெயில் சாயும் நேரத்தில் பிசின் இளகியது. பஞ்சால் ஒற்றி எடுத்தேன். கீழே ஒன்றுமில்லை! துள்ளிக் குதித்தேன்.

அண்ணாச்சி முகம் தொங்கிவிட்டது. "இந்த மொட்டக் காச நம்பியா இத்தன வருசம் கடலுக்குப் போனேன்? இனி வைரத்த வைக்காம மரம் ஏறாது."

மரம் ஏற்றக் கயிற்றைப் பிடித்து நின்ற ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஆசையை அவர் தலையில் ஏற்றியதே நான்தானே. பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் என் வைரக் காசைக் கொண்டுவந்தேன். அண்ணாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக் குழியில் வைத்தார். எனக்குக் கண் எரிந்தது.

"பையப் பைய எறக்குங்க!" என்று கத்தினேன்.

"காசுக்கு வலிக்குமோ?" என்றார் ஆசாரி. மரம் இறங்கி உட்கார்ந்தது.

ஜோடி மறுபடியும் ஒற்றையாகிவிட்டது. கூட்டம் கலையும் முன்பே அண்ணாச்சியைப் பிடித்தேன். "அடுத்து யாரு தோணியப் பிரிக்காவ?"