கரண்ட் நின்ற பிறகும் சுற்றிய கல்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் கணவர் செய்த முதல் காரியம், செலாயாங்கில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து அந்தக் கிரைண்டரை லோரியில் ஏற்றிக் கிள்ளானிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான். மாவாட்டுகிற கிரைண்டர் இல்லை. இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தூண், அதன் தலையில் மோட்டார், இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் சாணைக்கல்.

“இது எதுக்குங்க நமக்கு?”

“பாராங் கத்தி, மம்பட்டி எல்லாம் தீட்டலாம் லா. இந்த மாதிரி மிஷின் இப்ப யாரு செய்றா?”

கார் நிறுத்தும் இடம் அதற்குப் போயிற்று. துருவைச் சுரண்டினார், பேரிங் மாற்றினார், எலி கடித்த வயரைப் பிடுங்கிவிட்டுப் புதிது போட்டார், பச்சைச் சாயம் அடித்தார். பழைய கற்களைக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டினார். ஒன்று மணிபோல ஒலித்தது. மற்றது ‘டொக்’ என்றது.

“உள்ளுக்குள்ள விரிஞ்சிருக்கு. இத ஓட்டுனா வெடிச்சுச் சிதறிரும்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. இரண்டு கல்லும் புதிதாக வாங்க வைத்தேன். அப்படியும், அவர் சுவிட்சைத் தட்டியதும் சமையலறையில் நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவேன். முதலில் ஒரு முனகல், பிறகு ஊளை. ஜன்னல் கண்ணாடிகள் அதிரும்.

ஒரு சனிக்கிழமை காலை அவருக்குத் தேநீர் கொண்டுபோனேன். துணிக் கையுறை போட்டுப் பாராங் தீட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று அவர் தோள் முன்னால் இழுபட்டது. கல்லுக்கும் அதன் முன்னாலிருந்த இரும்புத் தாங்கிக்கும் நடுவே கையுறை சிக்கிக்கொண்டது.

“ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணு!”

ஓடிப்போய்ச் சுவர் சுவிட்சை அடித்தேன். மோட்டார் அடங்கியது, கல் அடங்கவில்லை. அத்தனை கனம், தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் தூணில் காலை ஊன்றிப் பின்னால் சாய, நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தேன். துணி கிழிந்தது. இருவரும் தரையில் விழுந்தோம்.

“விரல் இருக்கா? நீயே பாத்துச் சொல்லு.” அவர் கண்ணைத் திறக்கவில்லை.

ஒரே ரத்தம். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. ஆள்காட்டி விரலில் நகம் மட்டும் இல்லை. எங்கள் பின்னால் கல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

கிளினிக்கில் தையல் போட்டார்கள். காரில் வரும்போது, “வித்துடலாங்க” என்றேன். “சரி” என்றார்.

காயம் ஆறியதும், இனி எதுவும் நடுவே நுழையாதபடி தாங்கியைக் கல்லோடு ஒட்டினாற்போல நகர்த்தி முடுக்கினார். கையுறைகளைத் தூக்கி எறிந்தார். “ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு வித்துர்றேன்” என்று சுவிட்சுக்குப் போன கை அங்கேயே நின்றது.

“பயமா இருக்கு” என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

திட்ட வாயெடுத்தவள், ஒரு நாற்காலியை இழுத்துச் சுவிட்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

இன்னும் விற்கவில்லை. அவர் தீட்டும்போதெல்லாம் நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், அவர் விரல்களைப் பார்த்தபடி.