இரட்டை டர்போ ஏகாம்பரம்

ஏகாம்பரத்தின் மகள் செல்வி போன் செய்தபோது நான் பல்செட்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். "மாமா, அப்பா போயிட்டாரு மாமா" என்றாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. காலமெல்லாம் பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திய எனக்கு, பேச வேண்டிய நேரத்தில் பேச்சு வரவில்லை. அவளே "முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். பல்லை மாட்டிக்கொண்டு, குழாயடியில் நின்றபடியே அழுதேன்.

திரு. ஏகாம்பரம் அவர்கள் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். நான் அதே பஸ்ஸில் கண்டக்டர். அவர் என்னைக் "கண்டக்டரே" என்பார், நான் அவரை "டிரைவரே" என்பேன். வீட்டில் இருந்ததைவிட அந்த பஸ்ஸில்தான் நாங்கள் அதிகம் இருந்தோம். அதற்கேற்ற சண்டையும் போட்டிருக்கிறோம். அவரைத் தெரிந்தவர்கள் அவரைப் பொறுமைசாலி என்பார்கள். உண்மைதான். வரப்பில் யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால், அந்த ஆள் வந்து ஏறி, மூச்சு வாங்கி, உட்காருகிற வரை வண்டியை எடுக்க மாட்டார். "என்னா டிரைவரே, பொண்ணு பாக்கவா வந்தாங்க, உக்காரவெச்சி கூட்டிக்கினு போறதுக்கு?" என்று நான் பின்னாலிருந்து கத்துவேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பொறுமைசாலிக்குள் வேகத்துக்கு அப்படியொரு பசி இருந்தது. அது எனக்குத்தான் தெரியும். வேறு பஸ் எங்களை முந்திப் போனால் ஒரு சொல் சொல்ல மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் விரல்கள் மட்டும் வெளுத்துப் போகும்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் சோழவரத்துக்குக் கார் ரேஸ் பார்க்க இருவரும் போனோம். போனது என் யோசனை. எனக்கு அது ஒரு திருவிழா, கடலை தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன். அவர் ஒன்றும் தின்னவில்லை. திரும்பி வரும்போது செங்கல்பட்டு தாண்டும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் சொன்னார்: "கண்டக்டரே, அந்த மாதிரி ஒரே ஒரு வாட்டி போய்ப் பாக்கணும். ஜெயிக்கக்கூட வேணாம். போனா போதும்." வெயிலில் மூளை உருகிவிட்டது என்று நினைத்தேன்.

எங்கள் முதலாளியின் ஷெட் திண்டிவனத்தில் இருந்தது. அதன் மூலையில் ஓர் அமெரிக்கக் கார் கிடந்தது. இம்பாலா. புதுச்சேரியில் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் வாங்கியது. கொஞ்ச காலம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. அது குடிக்கிற பெட்ரோலுக்குப் பயந்து முதலாளி நிறுத்திவிட்டார். நாங்கள் பார்த்தபோது பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். முதலாளி, "எடுத்துக்கினு போய்யா, எனக்கு எடம் காலியானா சரி" என்றார். கோழிக்குஞ்சுகள் பொரிந்து இறங்கும் வரை காத்திருந்துதான் இவர் காரைத் தொட்டார்.

ஷெட்டின் மெக்கானிக் கரீம் பாய் கூடச் சேர்ந்துகொண்டார். அந்தக் காரின் எஞ்சினில் பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர். ஆனால் வண்டியோ கட்டுமரம் மாதிரி கனம். "சும்மா ஓட்டுனா ரேசுல எருமை மாதிரிதான் நிக்கும், டர்போ போடணும்" என்றார் பாய். டர்போ என்றால் என்னவென்று எனக்கும் அவர்தான் விளக்கினார். எஞ்சின் வெளியே துப்புகிற புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். அந்த விசிறி இன்னொரு விசிறியைச் சுற்றி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் வேகம் கூடும். பெரமண்டூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் கழித்துப் போட்ட கம்ப்ரஸர் எஞ்சின்களிலிருந்து ஒரே மாதிரி இரண்டு டர்போ கிடைத்தன. பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினார்கள்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. பட்ட பாடு கொஞ்சமா? காற்றை அழுத்தி ஊதினால் கார்புரேட்டர் பெட்ரோலை எல்லாப் பக்கமும் கக்கியது. அதை ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடலாம் என்று எண்ணெய் டின்னை வெட்டிப் பெட்டி செய்தார்கள். எஞ்சினை முறுக்கியதும் டின் பலூன் மாதிரி உப்பியது. "பாய், இது வெடிக்கும்" என்றேன். "வெடிக்காது" என்று பாய் சொல்லி முடிப்பதற்குள் வெடித்தது. முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, "குண்டு வெக்கவாடா ஷெட்டு குடுத்தேன்!" என்று கத்தினார். பிறகு கனத்த தகட்டில் வெல்டிங் வைத்துச் செய்த பெட்டி தாங்கியது. சூட்டைத் தணிக்கப் பழைய லாரி ரேடியேட்டர் ஒன்றை முன்னால் வைத்தார்கள். டிரைவர் சீட் தவிர மற்ற சீட், கதவு அட்டை, குரோமியப் பட்டை எல்லாவற்றையும் கழற்றி எறிந்து எடையைக் குறைத்தார்கள். வார ஓய்வு நாளெல்லாம் இதற்கே போனது. ஏகாம்பரத்தின் மனைவி மங்கா அம்மாள் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இவரு இப்படிப் பாக்கலண்ணா" என்றார். ஏகாம்பரத்தின் முகம் சிவந்து போனதை அன்றுதான் பார்த்தேன்.

சோழவரத்துக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம், யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறக்கப் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் சும்மா கிடந்தது. சும்மா என்றால் சும்மா இல்லை, சுற்றுவட்டார ஜனங்களுக்கு அதுதான் களம். தை மாதம். ஒரு பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய்ந்துகொண்டிருந்தது, இன்னொரு பக்கம் நெல். ஏகாம்பரம் முதல் நாளே போய் ஒவ்வொருவரிடமும் கைகூப்பிச் சொல்லிவிட்டு வந்தார்: "நாளைக்குக் காலையில ஒரு பெரிய வண்டி ஓடும். கொஞ்சம் ஓரமா எடுத்துக்குங்கம்மா." மறுநாள் நாங்கள் காரோடு போனபோது, ஓடுதளம் கண்ணுக்கெட்டிய வரை வெறிச்சென்று கிடந்தது.

நானும் பாயும் ஸ்கூட்டரில் போய் நடுவழியில் நின்றுகொண்டோம். முதலில் கார் கர்புர்ரென்று கிளம்பிய சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு விசில் எழும்பியது. இரண்டு டர்போவும் சேர்ந்து அடித்த விசில். காலமெல்லாம் நான் விசில் அடித்து அவர் வண்டியை எடுத்தார். அன்றைக்கு வண்டியே அடித்துக்கொண்டது. எங்களைக் கடந்தபோது என் துண்டு பறந்து போய் முள்வேலியில் விழுந்தது. பாய் "அல்லா!" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம்ம டிரைவர்! கோழிக்குஞ்சு இறங்கும் வரை காத்திருந்த அந்த மனுஷர்!

திடீரென்று விசில் அடங்கியது.

எஞ்சின் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டார் பாய். ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு கடைசிக்குப் போனோம். அங்கே கண்ட காட்சியை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

ஓடுதளத்தின் கோடியில், ஒரு அம்மா கேப்பைக் கதிரைத் தாளோடு அறுத்து வந்து பாதை முழுக்கப் பரப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் புதிதில்லை. ரோட்டில் பரப்பினால் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மணியை உதிர்த்துவிடும், அடிக்கிற வேலை மிச்சம். பெரிய வண்டி ஓடப்போகிறது என்று ஊரில் பேச்சு அடிபட்டதும், மற்றவர்கள் தங்கள் பண்டத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இந்த அம்மா தன் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

ஏகாம்பரம் அவர்கள், இரட்டை டர்போ போட்ட ரேஸ் காரை, மாடு நடக்கிற வேகத்தில் அந்தக் கேப்பையின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தார். போவார், திரும்புவார், மறுபடி வருவார். அந்த அம்மா பக்கத்திலேயே நடந்தபடி கோலால் தாளைப் புரட்டிக்கொண்டு, "எப்பா, இந்த ஓரம் அரையல, இன்னொரு வாட்டி வாப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாய்தான் முதலில் கத்தினார். அடியில் டர்போ பழுக்கக் காய்ந்து கிடந்தது. காய்ந்த தாள் அதில் சுற்றிக்கொண்டு புகைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பற்றியது. "எறங்குங்க டிரைவரே!" என்று நான் அலறினேன். அவர் இறங்கவில்லை. எரிகிற காரைக் கேப்பையைவிட்டு ஓட்டி, அப்பால் வெறும் சிமெண்ட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் குதித்தார். கை இரண்டும் வெந்திருந்தது. கார் முழுசாக எரிந்தது. அந்த அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். இவர் போய், "அழாதம்மா, உன் கேப்பை தப்பிச்சிது பாரு" என்று தேற்றினார்.

விழுப்புரத்துக்குப் பயணிகளாக பஸ்ஸில் வந்தோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன்யா காலை எடுத்தீங்க?"

"கேப்பை கெடந்துச்சு கண்டக்டரே."

"சுத்திக்கினு போறதுதானே?"

"ஆசையா பரப்பிக்கினு நின்னா. எப்படி நிக்காம போறது?"

கொஞ்ச நேரம் கழித்து, "எவ்ளோ வேகம் போச்சு?" என்று கேட்டேன். ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பார்க்கவில்லை என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "முதுகைப் புடிச்சி ஒரு தள்ளு தள்ளுச்சு. அப்பதான் ஆரம்பிச்சுது" என்றார்.

அதற்குப் பிறகு அப்படி ஒரு கார் செய்ய வழியும் இல்லை, வயதும் இல்லை. ஓய்வு பெறும் வரை அதே பஸ், அதே நிதானம். இளவட்ட டிரைவர்கள் "இரட்டை டர்போ" என்று அவரைக் கிண்டல் செய்வார்கள், கோபப்பட மாட்டார். நாலு வழிச் சாலை வந்த பிறகு, திண்டிவனம் மேம்பாலத்துப் பக்கம் டீ குடித்தபடி கார்கள் பறப்பதைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம். சம்பந்தமே இல்லாமல் சொல்வார்: "அப்பதான் ஆரம்பிச்சுது கண்டக்டரே." நான் இன்னொரு டீ சொல்வேன்.

முண்டியம்பாக்கத்திலிருந்து திண்டிவனத்துக்கு, வீட்டுக்குக் கொண்டுபோக அவரை அமரர் ஊர்தியில் ஏற்றினார்கள். செல்வி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உட்கார்ந்தோம். ஓட்டிய பையன் மரியாதையாக மெல்ல ஓட்டினான். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி ரோடு நீளமாகத் திறந்தது. முன்பக்கம் எட்டி, "தம்பி, நல்லா வேகமா போப்பா" என்றேன். "இன்னா அவசரம் பெரியவரே?" என்றான். "சொல்றேன்ல, மிதிப்பா!" மிதித்தான். வண்டி வேகம் பிடித்தது, அப்புறம் முள் எண்பதிலேயே நின்றுவிட்டது. "இன்னும்" என்றேன். "போவாதுங்க. எம்பதுக்கு மேல போவாத மாதிரி பூட்டு போட்டு குடுத்துட்டாங்க" என்றான். அந்தப் பையன்மேல் எரிந்து விழுந்தேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க மாமா" என்று அழுதாள்.

டிரைவரே, என்னால் எண்பதுக்கு மேல் உங்களைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. நீங்கள் இல்லாத திண்டிவனத்துக்கு நான் எதற்கு வர வேண்டும் என்றும் தெரியவில்லை. இனிமேல் நீங்கள் தனியாகத்தான் போக வேண்டும். ரோடு காலியா கெடக்கு. மிதிங்க.