ஸ்கேல் அக்கா வைத்த புள்ளிகள்

நகராட்சி அலுவலகத்தில் வரைபடம் வரைவது அவள் வேலை. கோடு ஒரு மயிரிழை விலகினாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவாள் என்பதால் எல்லோருக்கும் அவள் ‘ஸ்கேல் அக்கா’.

கடைவீதியில் இரண்டு மதத்தாரும் ஒரு வாரம் அடித்துக்கொண்டு ஓய்ந்ததும், எங்கெங்கே அசம்பாவிதம் நடந்தது என்று வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்துத் தரச் சொன்னார் பொறியாளர். உட்கார்ந்த இடத்திலேயே வைத்திருக்கலாம். அவளுக்கு அது வராது. டேப்பைத் தூக்கிக்கொண்டு நேரில் போனாள்.

எரிந்துபோன செருப்புக்கடையின் ரப்பர் உருகிப் படிக்கட்டில் வழிந்து இறுகியிருந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவே நின்று நான்கு பேர், “நம்மாளுங்க எத்தன, அவங்க எத்தன?” என்று ஆட்டத்தில் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலகச் சொல்லிவிட்டு டேப்பை விரித்தாள்.

புள்ளிகளை வைத்து முடித்தபோதுதான் நெருடியது. வழிபாட்டு இடங்களைச் சுற்றி ஒன்றுகூட இல்லை. பதினொன்றும் கடைவீதியின் கிழக்குப் பக்கம், வரிசையாக. அலுவலகத்தில் இருந்த பட்டியலோடு ஒப்பிட்டாள்: எல்லாமே காலி செய்ய மாட்டோம் என்று வழக்குப் போட்டிருந்த வாடகைக்காரர்களின் கடைகள். கட்டட உரிமையாளர்களிலோ இரண்டு மதத்தாரும் இருந்தார்கள்.

“சார், இது சாமிக்காக நடந்த சண்ட மாதிரி தெரியல. காலி பண்ணாதவங்க கடையா பாத்து எரிச்சிருக்காங்க.”

பொறியாளர் குண்டூசியால் பல்லிடுக்கைக் குடைந்துகொண்டே சொன்னார்: “உன்ன புள்ளி வைக்கத்தானேம்மா சொன்னேன்? காரணம்ங்கிற எடத்துல ‘மத உணர்வு’ன்னு டைப் அடிச்சாச்சு.” குடைந்ததைப் பார்த்துவிட்டு ஊசியை மறுபடி டப்பாவிலேயே போட்டார்.

இரண்டே மாதத்தில் அவளுடைய மதத்துக்குள்ளேயே அடிதடி. ஒரே கடவுள், ஒரே வழிபாட்டுக் கூடம். நிர்வாகக் குழுவில் யார் உட்காருவது என்பதுதான் பிரச்சினை. அவளுடைய அண்ணன் பழைய குழு, அவன் மச்சான் புதுக் குழு. மச்சான் இரும்பு நாற்காலியால் அடித்ததில் அண்ணனுக்கு முன்பல் இரண்டு போயிற்று.

ஆஸ்பத்திரியில் வீங்கிய உதட்டோடு அண்ணன் சொன்னான்: “அவனுங்கல்லாம் நம்ம மதமே இல்ல, தெரியுமா?”

“அண்ணி கூடப் பொறந்தவன்ண்ணே அவன்.”

“அவளையும் அங்கயே போகச் சொல்லிட்டேன்.”

ரத்தம் கலந்த எச்சிலைக் கிண்ணத்தில் துப்பிவிட்டு, பரிசு வாங்கியவன் மாதிரி நிமிர்ந்து பார்த்தான். வெளியே நடையில் அண்ணி சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தாள். அண்ணனுக்கு அடுத்த கன்னத்திலும் ஒன்று வைக்கலாம் போலிருந்தது அவளுக்கு. அலுவலகம் போய் அந்தக் கூடத்தின் மேலும் ஒரு புள்ளி வைத்தாள்.

மறு வருஷம் வீடு மாற வேண்டியிருந்தது. தையல்காரரான கணவரோடு தரகரிடம் போனாள். தரகர் ஒரு தாளை விரித்தார். அவள் வரைபடத்தின் நகல். தெருப் பெயர்கள் அவள் கையெழுத்தில். புள்ளிகளைச் சுற்றி யாரோ நீலமும் மஞ்சளும் தீட்டியிருந்தார்கள்.

“உங்க மதத்துக்கு மஞ்சள்ல மட்டும்தாம்மா வீடு. அதுலயும் நீங்க பழைய குழுவா, புதுக் குழுவா? ஓனர் கேப்பாரு.”

“இத யார் குடுத்தாங்க?”

“நகராட்சி மேப்மா. ஒரு அடி தப்பாது.”

அதைப் பிடுங்கிக் கிழித்தாள். தரகர் சிரித்துக்கொண்டே மேஜை டிராயரிலிருந்து இன்னொன்றை எடுத்தார். “கட்டுக்கட்டா இருக்கும்மா.”

கிழித்த துண்டுகளைக் கைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள், புள்ளிகள் வைத்த தாளையும் வழக்குப் போட்டவர்களின் பட்டியலையும் செருப்புக்கடைக்காரருடைய வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். வழக்கு இன்னும் நடக்கிறது. அவளைப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே, குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே மதத்தை எழுத வேண்டும்.

ஊருக்கு வெளியே, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில், வீடு கிடைத்தது. சாமான் இறக்கிய அன்றே பக்கத்து வீட்டுப் பெண்மணி வாசலில் வந்து நின்று சிரித்தாள்.

“வாங்க வாங்க. நீங்க எந்த ஆளுங்க?”

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“மொத நாளே இப்படியா?” என்றார் கணவர்.

“ஆமா,” என்றாள்.