குங்கிலியமும் சவுக்காரமும்

என் மனுஷன் பஸ்தியானுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறதென்றால் அதை ஆண்டவர் இன்னும் படைக்கவில்லை. சொல்வது நானல்ல, அவரேதான். நுரைச்சோலைக் கரையில் வள்ளங்களின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தவர், சண்டை முடிந்து பட்டாளம் விற்ற பழைய மோட்டார் சைக்கிள்கள் ஊருக்குள் வந்ததும் அவற்றுக்கும் வைத்தியராகிவிட்டார். வாய் பெரிதென்றாலும் கை சுத்தம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம், கற்பிட்டியில் உப்பு வியாபாரம் பார்க்கும் பதுர்தீன் நானா, நின்றுபோன மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை வேர்வையில் ஊறியிருந்தது.

"தங்கச்சி ஜுனைதாட நிக்காஹ், புத்தளத்துல. அஸர் தொழுகைக்குப் பொறகு. வாப்பா மௌத்தாப் போனதால நான்தான் பொண்ணக் குடுக்கிற வலீ. நான் மாப்பிள்ளைட கையப் புடிக்காம நிக்காஹ் நடக்காது."

"ஏறிப் போற மாதிரித் தாறன்" என்றார் இவர்.

கார்புரேட்டரைக் கழற்றி, அடியில் படிந்திருந்த மண்ணைப் பெட்ரோலால் கழுவினார். துளையில் கம்பி விட்டால் பெருத்துவிடும் என்று வாயால் ஊதி எடுத்தார். பிறகுதான் அதிலிருந்து பெட்ரோல் ஆவியை இஞ்சினுக்குக் கொண்டுபோகும் றப்பர் குழாய் வெடித்திருப்பதைக் கண்டார். அந்த வெடிப்பால் காற்று புகுந்தால் இஞ்சின் ஓடாது. உடனே வள்ளத்து ஓட்டை அடைக்கக் காய்ச்சி வைத்திருந்த குங்கிலியப் பிசினை எடுத்துப் பூசினார்.

"கடல் தண்ணியையே விடாத பசை, காத்தையா விடப்போகுது?"

சைக்கிள் உறுமிக்கொண்டு போனது. இவர் மீசையைத் தடவி முடிப்பதற்குள் கோயிலடியில் சத்தம் நின்றது. நானா திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார். குழாயில் குங்கிலியம் கூழாகி வழிந்துகொண்டிருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க உடுக்கிற சாரத்தில பிடிக்கிற குங்கிலியத்தை நான் எதால கழுவுறன்? உங்கட பெட்ரோலால தானே. பெட்ரோல் போற குழாயில அதைப் பூசினா நிக்குமா?"

இவர் பழந்துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

துவைக்க வைத்திருந்த சவுக்காரத்தை எடுத்தேன். பெட்ரோல் அதைக் கரைக்காது; முன்பு பெட்ரோல் தகரம் ஒழுகியபோது அதைத்தான் அப்பி நிறுத்தியிருந்தேன். இவர் குங்கிலியத்தைத் துடைத்தெடுத்தார். நான் வெடிப்பில் சவுக்காரத்தை அழுத்தி நிரப்பி, வலை நூலிலும் தேய்த்து, வலை முடிகிற இறுக்கத்தில் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினேன். இந்த முறை சத்தம் கோயிலடியைத் தாண்டி, புத்தளம் போகிற பாலாவிப் பக்கம் போய்த் தேய்ந்தது.

அடுத்த நாள் பதுர்தீன் நானா கல்யாணச் சோற்றுச் சட்டியோடு வந்தார். நிக்காஹ் நல்லபடி முடிந்ததாம். சைக்கிள் எண்ணெயில் கறுப்புப் பிடித்த கையோடுதான் மாப்பிள்ளை கையைப் பிடித்தாராம். சட்டியை இவரிடம் நீட்டினார்.

பஸ்தியான் வாங்கவில்லை. "என்ட கட்டு கோயிலடி மட்டும்தான் போச்சு, நானா. புத்தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்தது இவள்ட கட்டு. இவளிட்டக் குடுங்க."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனுஷன் வாயில் அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. சட்டியை வாங்கி, முதல் அகப்பைச் சோற்றை அவருக்குத்தான் போட்டேன்.