உடையாத தேங்காய்

நாளைக்கு ஒரு டியூஷன் சென்டரில் எனக்கு நேர்காணல். செயற்கைக்கோள் எப்படி வட்டப்பாதையில் நிற்கிறது என்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நான்கு பேர் பார்த்தாலே எனக்குக் குரல் போய்விடும்.

அதனால் இன்றைக்குக் கடலைக் கடக்கும் ஃபெரியில் வரும்போது அம்மாவிடம் ஒத்திகை பார்த்தேன்.

"தைப்பூசத்துக்கு ரதத்து முன்னால தேங்கா உடைப்போம்ல? அதைக் காத்தே இல்லாத உயரத்துக்குக் கொண்டுபோய், பக்கவாட்டுல வீசுறோம்னு வச்சுக்கம்மா. வேகமா வீசுனா தள்ளிப் போய் விழும். சரியான வேகத்துல வீசுனா, அது விழ விழ பூமியும் அதே அளவுக்கு வளைஞ்சு விலகிடும். விழுந்துகிட்டேதான் இருக்கும், ஆனா தரையத் தொடாம சுத்தும்."

அம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தேங்கா உடையவே உடையாதா?"

"உடையாதும்மா."

"அப்புறம் வேண்டுதல் என்னாகுறது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஓர் அக்கா திரும்பினார். "அதானே. சாமி எவ்ளோ நேரம்லா காத்திருக்கும்?"

ஃபெரி கரை சேரும் வரைக்கும் இருவரிடமும் வாதாடினேன். இறங்கும்போதுதான் கவனித்தேன், முன் வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரல் அப்படியே இருந்தது.

நாளைக்கும் தேங்காயைத்தான் வீசப்போகிறேன். அங்கேயும் யாராவது வேண்டுதலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் இன்றைக்குள் சொல்லிவிடுங்கள்.