பட்டம் கணவருக்குச் செல்லாது

கிளினிக்கில் "லார்ட் கெல்" என்று கூப்பிட்டால் கெல் எழுந்திருக்க மாட்டார். மறுபடியும் கூப்பிட்டாலும் சுவரில் மாட்டியிருக்கும் சிறுநீரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டு நர்ஸ் சுகிர்தராணிதான் கவுண்டருக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

"மிஸ்டர்னு கூப்பிடு ஜுபைதா."

"அந்தம்மா லேடின்னா இவரு லார்டுதானே அக்கா?"

"இல்ல. அது அவங்களுக்குப் பிறப்புல வந்த பட்டம். கட்டுனவருக்கு வராது."

"இது என்ன நியாயம்?"

"எனக்கா தெரியும்? அவங்க நாட்டுல அப்படி."

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கெல்லின் மனைவி லேடி ரோசமண்ட் இதை அவளுக்கு விளக்கியிருந்தார். தெரியாமல் 'லேடி கெல்' என்று சொன்னதற்காக. அப்படிச் சொன்னால் கணவர் மூலமாக லேடி ஆனவள் என்று பொருளாம். இவர் ஒரு ஏர்ல் பிரபுவின் ஒரே மகள். யாரைக் கட்டினாலும் லேடி ரோசமண்ட்தான். ஆணின் பட்டம் மனைவிக்கு இறங்கும். பெண்ணின் பட்டம் கணவருக்கு ஏறாது. தகப்பனாரின் பட்டமும் வீடும் நிலமும் சித்தப்பா மகனுக்குப் போய்விட்டன. மகளுக்கு மிஞ்சியது பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு சொல். அதோடு கப்பல் சர்வேயர் ஆர்தர் கெல்லைக் கட்டிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகச் சுற்றி, கடைசியில் அமீரகத்தின் புஜைராவில் ஒரு வில்லாவில் வந்து உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோய், முட்டிவலி. கெல் இன்னும் துறைமுகத்துக்கு அவ்வப்போது வேலைக்குப் போய்வந்தார்.

சுகிர்தராணி நாகர்கோவிலில் நர்ஸிங் படித்தவள். ஊர் குளச்சல். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை என்பதால் விசாவில் 'பணிப்பெண்' என்று அடித்திருந்தார்கள். அதை யாரும் பார்ப்பதில்லை. துறைமுகப் பக்கத்து அறைகளில் இருக்கும் நம்மூர் ஆட்களுக்கு அவள் சிஸ்டர். காய்ச்சல் என்றால், கையைக் கிழித்துக்கொண்டால் சிஸ்டருக்கு போன் போடுவார்கள். அவளுடைய கணவன் கிளிட்டஸ் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். விசிட் விசாவில் வந்து, ஊர்க்காரன் ரெனீஷின் அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். தருகிறேன் என்ற வொர்க்‌ஷாப்காரன் கைவிரித்துவிட்டான். மாதக் கடைசியில் விசா முடிகிறது. அறையில் அவனுக்குப் பெயர் 'சிஸ்டர் மாப்ள'. அவனை யாரும் கிளிட்டஸ் என்று கூப்பிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்.

"அந்தம்மாட்ட சொன்னியா?"

"சொல்லணும்."

"சொல்லணும் சொல்லணும்னு இருந்தா விசா தீந்துரும் பிள்ள. லேடின்னா சும்மாவா? ஒரு போன் போட்டா எமிகிரேஷன்ல ஒருத்தன் எந்திரிச்சி நிக்கமாட்டானா?"

ரெனீஷ் கடலையைத் தோலுரித்துக்கொண்டே சொன்னான். "நின்னு சல்யூட்டும் அடிப்பான். நீரு நாளைக்கே லார்ட் கிளிட்டஸ்."

கிளிட்டஸ் சிரிக்கவில்லை. சுகிர்தராணியும் அதை நம்பினாள். பெரிய குடும்பத்துப் பெயர் ஒன்றைச் சொன்னதும் கிடப்பில் கிடந்த காகிதம் எழுந்து நடந்ததை இந்த ஊரில் அவள் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலை இன்சுலின் போட்டபின் லேடி ரோசமண்டிடம் கேட்டாள். அதே அறையில் ஜன்னலோரம் கெல் குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் அவள் திரும்பவில்லை. அந்த வீட்டில் திரைச்சீலை மாற்றுவதைக்கூட யாரும் அவரிடம் கேட்டதில்லை.

லேடியின் முகம் மலர்ந்தது. "நானே போகிறேன் ராணி. போன் வேண்டாம். இதெல்லாம் நேரில் செய்ய வேண்டியது."

ஆனால் முட்டி வீங்கியது. பிறகு சளி. பிறகு தலைமுடி திருத்துகிற பெண் வரவில்லை. தலை ஒழுங்காக இல்லாமல் அலுவலகத்துக்குப் போக முடியாதாம். சுகிர்தராணி முட்டிக்கு ஐஸ் வைத்தாள். ஆவி பிடிக்கவைத்தாள். கடைசியில் முடியையும் தானே சுருட்டிவிட்டாள். அவர்கள் கிளம்பியபோது விசா முடிய ஒருநாள்தான் பாக்கி.

எமிகிரேஷன் அலுவலகத்தின் பெண்கள் பிரிவில் கறுப்பு அபாயா அணிந்த இளம் அதிகாரி எழுந்து நின்றாள். பேரீச்சம்பழமும் கஹ்வாக் காப்பியும் வந்தன. சுகிர்தராணிக்கு மூச்சு சீரானது. லேடி ரோசமண்ட் முத்துமாலையைத் தொட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினாள்.

"மேடம், நீங்கள் கணவர் விசாவில் இருக்கிறீர்கள்."

"நான் லேடி ரோசமண்ட்."

"சரி, லேடி." அதிகாரி சிரித்தாள். "ஆனால் கஃபீல், விசாவுக்குப் பொறுப்பாளர், அவர்தான். இந்த சிஸ்டருக்கும் அவர்தான் கஃபீல். அவர் வந்து கையெழுத்துப் போட்டால் தோட்டக்காரர் விசா ஒன்று எடுக்கலாம். மிஸ்டர் எங்கே?"

"என் கணவரிடமிருந்து எனக்கு எதுவும் வந்ததில்லை."

"விசா வந்திருக்கிறதே, மேடம்."

கஹ்வாவை முடிக்காமல் எழுந்தார். காரில் ஏசியை முகத்துக்குத் திருப்பிவைத்துக்கொண்டு ஒன்றுமட்டும் சொன்னார். "ஆர்தருக்குத் தெரிய வேண்டாம்."

இரவு முழுக்க சுகிர்தராணி அதை வைத்துக்கொண்டு புரண்டாள். விடிந்ததும் நேராக கெல்லிடம் போனாள்.

"சார், என் கணவருடைய விசா..."

"தெரியும். எப்போது முடிகிறது?"

"இன்று."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்றைக்கு வந்து சொன்னால்? முன்னாலேயே கையெழுத்துப் போட்டிருப்பேனே."

"நாங்கள் பேசியதை நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்."

"கேட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சார்."

"என்னிடம் யாரும் கேட்கவில்லை" என்றார் கெல்.

அவள் கையில் இன்சுலின் ஊசி இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். இருவரில் யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து மணி அடித்தது. போனாள்.

அன்று சாயங்காலம் கிளிட்டஸ் விமானம் ஏறினான். அடுத்த வாரமே கெல் தோட்டக்காரர் விசாவுக்கு எல்லாக் காகிதத்தையும் தயார் செய்துவிட்டார். மனைவியைக் கேட்காமல் அவர் செய்த காரியம் அது. சுகிர்தராணி ஊருக்கு போன் போட்டாள்.

"தோட்டக்காரனா?" என்றான் கிளிட்டஸ்.

"பேருக்குத்தான். எனக்க விசாவுல வேலைக்காரின்னு கிடக்கு. நான் என்ன வேலைக்காரியா?"

"ஒன்ன எல்லாரும் சிஸ்டருன்னு கூப்பிடுதான். என்ன என்னன்னு கூப்பிடுவான்? மண்வெட்டியோட நிக்க சிஸ்டர் மாப்ளன்னா?"

"ஒங்களுக்கு எதுலதான் கொறச்சல் இல்ல?"

"நீ வச்சிட்டுப் போ. சோஹாருல ஒருத்தன் மெக்கானிக் விசா தாரான். எனக்க பேருல."

ஓமானில் இருக்கும் சோஹாருக்குப் போய்விட்டான். புஜைராவிலிருந்து அதே கடற்கரையோரம் தெற்கே கொஞ்ச நேரம் போனால் வந்துவிடும். நடுவில் ஒரு நாட்டின் எல்லை. பணிப்பெண் விசாவில் இருப்பவள் அதைக் கடக்க கஃபீல் எழுதித் தர வேண்டும்.

இந்தமுறை சுகிர்தராணி தப்புச் செய்யவில்லை. ஜன்னலோரம் போய், வெள்ளிக்கிழமை சோஹார் போய்வரக் கடிதம் வேண்டும் என்று நேராக கெல்லைப் பார்த்துக் கேட்டாள்.

கெல் பேனாவைத் திறந்தார். உள்ளறைக்குக் கேட்கும்படி, "என்னிடம் கேட்கிறாள்" என்றார். ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கடைசியில் முழுப்பெயர், முன்னால் மிஸ்டர் என்று சேர்த்து.

"இந்த வெள்ளிக்கிழமையா?" லேடி ரோசமண்டின் குரல் வந்தது. "முடியாது ராணி. என் முட்டியைப் பார்."

கெல் பேனாவை மூடினார். காகிதத்தை அவளிடம் நீட்டிவிட்டுக் குறுக்கெழுத்துக்குத் திரும்பினார். அவர் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது.

சுகிர்தராணி காகிதத்தை மடித்து யூனிஃபார்ம் பையில் வைத்துக்கொண்டு, ஐஸ் எடுக்கப் போனாள்.